பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் மியாட்டா காரை அறிமுகப்படுத்தியது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, சுமார் ஒரு டன் எடை, பின்சக்கரங்களை ஓட்டும் 1.6 லிட்டர் எஞ்சின். நடுத்தர வருமானக்காரருக்கும் எட்டும் விலையில் வந்ததால், 1997 வரை தயாரான முதல் தலைமுறை மட்டுமே 4 லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். வாங்க வருபவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார், கியர் மாற்றிப் பார்க்கிறார், கூரைத் துணி கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். இவையெல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. உடலை அப்படி மாற்ற முடியாது. தனிச் சேஸிஸ் இல்லாமல், தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து ஒரே கூடாகச் செய்த கார் இது. அந்தக் கூடுதான் கார். ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் சோதிக்க வேண்டியது உடலைத்தான். அதையும் ஆவணங்களை நம்பிச் செய்யாமல், உலோகத்தைப் பார்த்தே செய்ய வேண்டும்.

ஆவணங்கள் ஏன் போதாது? அமெரிக்காவில் பழுது நீக்கும் செலவு காரின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு நஷ்டம் என்று அறிவித்துவிடும். பல மாநிலங்களில் அந்த வரம்பு 75 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதன்பிறகு உரிமைப் பத்திரத்திலேயே அந்தக் கறை ஏறிவிடும். சில ஆயிரம் டாலருக்கு விலை இறங்கிவிட்ட பழைய காருக்குச் சிறு மோதலே இந்த வரம்பைத் தொட்டுவிடும். அதனால் உரிமையாளர் இன்சூரன்ஸ் பக்கமே போகாமல், பழைய உதிரிபாகக் கடையில் ஒரு மட்கார்டு வாங்கி, கைக்காசில் டிங்கரிங் வேலையை முடித்துவிடுகிறார். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2009 முதல் பொதுமக்களும் பார்க்கக்கூடிய தேசிய வாகன உரிமைத் தகவல் தொகுப்பில் முழு நஷ்டக் கார்கள் பதிவாகும்; யாரும் தெரிவிக்காத மோதல் அதில் வராது. ஆக, ‘விபத்துப் பதிவு இல்லை’ என்ற அறிக்கையை ‘விபத்தே இல்லை’ என்று வாசிக்கக் கூடாது. கார் மலிவாக இருந்த ஆண்டுகளில் பட்ட அடிதான் பதிவில்லாமல் மறைந்திருக்க அதிக வாய்ப்புள்ளது.

உலோகத்தில் தடயம் இருக்கும். பானட்டைத் திறந்து, மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். அவற்றின் மேல் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், அந்தத் தகடு ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங், ஒரே அளவுச் சிறு குழிகளாக ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். பட்டறையில் போட்ட வெல்டிங் தேய்த்துச் சமப்படுத்திய வட்டமாகவோ மேடாகவோ தெரியும். டிக்கி விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மழையில் வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று எதிலோ மோதிய கார் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியும் உதவும். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். மறுபூச்சு அதைப்போல இரண்டு மடங்கு காட்டும். பட்டி பூசிய இடம் 1,000 மைக்ரானையும் தாண்டும். ஆனால் பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மியாட்டாவின் பானட் அலுமினியம். பட்டியே இல்லாவிட்டாலும் காந்தம் அதில் ஒட்டாது.

‘ஓட்டிப் பார்த்தேன், நேராகத்தான் போகிறது’ என்பார்கள். மியாட்டாவில் நான்கு சக்கரங்களின் கோணத்தையும் சிறப்பு போல்ட்டுகளைத் திருகி மாற்றலாம். கூடு சற்றே கோணியிருந்தாலும், அந்த போல்ட்டுகளை ஒரு ஓரத்துக்குத் திருகிக் காரை நேராக ஓடவைத்துவிட முடியும். அதனால் டெஸ்ட் டிரைவை விட, கணினி வீல் அலைன்மென்ட் தரும் அச்சுத்தாள் நம்பகமானது. ஒரு பக்க போல்ட் எல்லைவரை திருகப்பட்டும் இடது வலது அளவுகள் ஒத்துவரவில்லை என்றால் அடி ஆழமாகப் பட்டிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், விளக்கை யாராவது செயலிழக்கச் செய்தார்களா என்று கேட்க வேண்டும். அதேசமயம் எல்லா நசுங்கலும் மோதலால் வந்ததல்ல. மியாட்டாவின் தரைக்கடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பட்டை, ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்ததால் சப்பையாகியிருப்பது சகஜம். அதைக் கண்டு மிரள வேண்டாம்.

முப்பது வருடக் காரில் அடிபடாமல் எது இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் அடி எங்கே பட்டது என்பது முக்கியமாகிறது. மட்கார்டும் பம்பரும் போல்ட்டில் நிற்பவை. அவை மாறியிருந்தால் விலை பேசலாம், அவ்வளவே. முன்புற நீளச் சட்டங்களின் கதை வேறு. மோதலின் வேகத்தை மடிந்து உள்வாங்கி, பயணியின் அறையைக் காக்கும் முறைக்கு மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரென்யி 1951இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன்பின் கார்களின் முன்பகுதி திட்டமிட்டே மடிவதற்காக வடிவமைக்கப்படுகிறது. ஒருமுறை மடிந்ததைச் சூடாக்கி இழுத்து நேராக்கினால், கண்ணுக்கு நேராகத் தெரியும். அடுத்த மோதலில் வடிவமைத்தபடி மடியும் என்று யாரும் உறுதி தர முடியாது.

விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாமே என்பதும் உண்மைதான். ஐந்தாறு கை மாறிய காரில் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவருக்குத் தெரியாது என்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. லிஃப்டில் ஏற்றி, ஒரு நல்ல பாடி மெக்கானிக்கிடம் காட்டும் கட்டணம், கோணிய கூட்டை நேராக்கும் செலவின் முன் ஒன்றுமே இல்லை. அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். மாறாக, அடிபட்டதைத் தானே சொல்லி, வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் பில்லையும் காட்டுபவரின் காரைத் தயங்காமல் பரிசீலியுங்கள். அதன் சேதத்தின் அளவு தெரிகிறது, அதற்கேற்ப விலை பேச முடிகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஆபத்து பழைய அடியால் வருவதை விட, அதன் அளவு தெரியாமல் பணம் கொடுப்பதால்தான் அதிகம் வருகிறது.