கன்றுக்கு விளக்கு வாங்கப் போகிறீர்களா?

வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் கன்று விற்பவர்களுக்குத் தலைவலிதான். மூடிய வானத்தின் கீழ் மிளகாய், தக்காளி நாற்றுகள் வெளிச்சம் தேடி நீண்டு, தண்டு மெலிந்து சாய்ந்துவிடும். அந்தக் கன்றை எந்த விவசாயியும் வாங்கமாட்டார்.

எல்.ஈ.டி. விளக்குப் போடலாமா என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் முதலில் மேலே கட்டியிருக்கும் பச்சை நிழல்வலையைக் கழற்றிப் பாருங்கள். 50 சதவீத வலை பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். மழைக்காலத்தில் அது எதற்கு? மழைத்துளி அடிக்குமென்று பயந்தால் தெளிவான பொலித்தீன் போதும்.

அப்படியும் போதாவிட்டால்தான் விளக்கு. பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நானும் ஒருமுறை நம்பி வாங்கி, மீற்றரில் மாட்டினால் 100 வாட்கூட இழுக்கவில்லை! ஆகவே பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் உள்ள மின்நுகர்வைப் பாருங்கள். லூமென் கணக்கு மனிதக் கண்ணுக்கானது. செடிக்கான ஒளியை மைக்ரோமோலில் சொல்வார்கள். நாற்றுக்கு 100 முதல் 300 வரை போதும். ஊதா வெளிச்சம்தான் சிறந்தது என்பதும் வீண்பேச்சு. வெள்ளை எல்.ஈ.டி.யிலும் நீலம், சிவப்பு இரண்டும் உண்டு, இலையில் நோய் கண்டாலும் உடனே தெரியும்.

40 வாட் விளக்கு காலை 6 முதல் இரவு 8 வரை எரிந்தால் நாளுக்கு 0.56 யூனிட், 30 நாளில் சுமார் 17 யூனிட். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியதை மறந்திருக்கமாட்டீர்கள். இந்தச் செலவைக் கன்று விலையோடு வைத்துப் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

வாவியோரத்து உப்புக்காற்றுக்கு ஐ.பி.65 என்று எழுதிய, நீர் புகாத விளக்கையே கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாரிக்கு அது பழைய இரும்புக்காரரிடம்தான் போகும்.