விழா முடிந்தபின் அந்த மரம்

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்துச் சுரூபங்களைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். தொட்டியோடு மூலையில் நிற்கும் உயிருள்ள மரத்தை மட்டும் மறந்துபோகிறோம். பிப்ரவரியில் இல்லங்களை மந்திரிக்கச் செல்லுகையில், அடிக்கிளைகள் பழுப்பேறித் தொங்க, காய்ந்த மண் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகிக் கிடக்க, அது நிற்கும் கோலத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

நம் பண்ணைகளில் கிறிஸ்துமஸ் மரம் என விற்கப்படுவது பெரும்பாலும் அரக்கேரியாவே. ஐரோப்பியர் வீட்டில் வைக்கும் ஸ்புரூஸ் நம் சமவெளி வெப்பத்தில் பிழைக்காது. அரக்கேரியாவோ தென் பசிபிக் தீவுகளுக்கு உரியது. நார்ஃபோக் தீவில் ஓர் இனமும், நியூ கலிடோனியாவில் மற்றோர் இனமும் உண்டு. கடலோடி ஜேம்ஸ் குக் 1774-ஆம் ஆண்டில் இரண்டையும் கண்டார். உப்புக் காற்றைத் தாங்குவதால் கடலோரப் பங்குகளுக்கு இது ஏற்றது.

வாங்கும்போதே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விதையிலிருந்தோ நுனித் தண்டிலிருந்தோ வளர்ந்த கன்றுதான் நிமிர்ந்து உயரும். பக்கக் கிளையை வெட்டி வேர்விடச் செய்த கன்று, எத்தனை ஆண்டுகள் ஆனாலும் கிளையைப் போலப் பக்கவாட்டிலேயே படரும். நடுத்தண்டைச் சுற்றி நாற்புறமும் கிளைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளனவா எனப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டினுள் சன்னலோரமே அதற்கு உகந்த இடம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் போதும், தொட்டியடியில் தேங்கவிடலாகாது. பழைய குமிழ் விளக்குகளின் சூடு இலைகளைக் கருக்கிவிடும், எல்.இ.டி. சரங்களால் அத்தொல்லை இல்லை. வெண்பனி என்று சாயம் தெளிப்பதை விட்டுவிடுங்கள். பஞ்சு போதும், விழாவுக்குப் பின் எடுத்துவிடலாம். உதிர்ந்த அடிக்கிளை மீண்டும் துளிர்ப்பதில்லை. நுனி முறிந்தால் மரத்தின் வடிவமே கெட்டுவிடும். ஆகவே விண்மீனை நுனியில் செருகாமல் பின்புறச் சுவரில் மாட்டுவதே நலம்.

சனவரியில் அதை நேரே வெயிலில் வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. நிழலுக்குப் பழகிய இலைகள் சில நாட்களிலேயே வெந்துபோகும். முதலில் திண்ணை, பின்னர் மரநிழல், பிறகு காலை வெயில் என இரண்டு மூன்று வாரங்கள் பழக்க வேண்டும். கோடை முழுதும் தொட்டியிலேயே காத்து, மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். தொட்டியைப் போல் இருமடங்கு அகலமான குழி போதும். சுருண்ட வேர்களை மெல்லப் பிரித்துவிட்டு, தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள். தண்டை மண்ணில் புதைக்கவேண்டாம்.

எங்கே நடுவது? இதில் நாமே தவறியவர்கள். 2003-ஆம் ஆண்டு, நமது முதல் பங்கில், ஒரு மூதாட்டி தம் பேத்தியின் முதல் கிறிஸ்துமஸிற்கு வாங்கிய மரத்தைக் கோவிலுக்கென்று தந்தார். அழகாக இருக்குமென்று கெபிக்கு வடக்கே எட்டடியில் நட்டோம். இடுப்பளவு நின்ற கன்று நூறடிக்கு மேலும் வளரக்கூடியது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. நியூ கலிடோனியா இனம் பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்ந்து வளருவதாக 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதாவது நம் நாட்டில் தெற்கு நோக்கி. நம் மரமும் அவ்வாறே ஆண்டுக்காண்டு கெபியின் மேல் சாய்ந்தது. 2021-இல், புயலுக்கு அஞ்சி, அதனை வெட்டவேண்டியதாயிற்று. பழியை அப்போதைய பங்குத்தந்தை சுமந்தார், பிழை நம்முடையது. மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். அடிமரத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் கேட்டு வாங்கிச் சென்றார் என்று உபதேசியார் தெரிவித்தார்.

இப்போதைய பங்கில் மூன்று கன்றுகள் தொட்டியில் காத்திருக்கின்றன. மதிலுக்கும் மின்கம்பிக்கும் நாற்பதடி தள்ளி, தெற்கே வெறும் விளையாட்டுத் திடல் இருக்குமாறு, குழிகளுக்கு முளை அடித்துவிட்டோம்.