காரின் சாயம்: தேய்ப்பதா, காப்பதா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாகான் நக்கோடா ஓமார் என்றதும் பலருக்கு மலாக்கா நீரிணையின் கடற்கரையும் மீன்பிடிப் படகுகளும்தான் நினைவுக்கு வரும். அங்கே கார் வைத்திருப்பவர்களுக்கோ காலையில் முன்கண்ணாடியில் படிந்திருக்கும் உப்புப் படலம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்பனைத் தோட்டத்தின் செம்மண் சாலை, தெற்கே போனால் செகிஞ்சான் வயல்வெளியின் பூச்சிக் கூட்டம். இவற்றுக்கு நடுவே சுட்டெரிக்கும் வெயில், திடீர் மழை. இத்தனையையும் வாங்கிக் கொள்வது நம் காரின் சாயம்.

அந்தச் சாயத்தை எப்படிக் காப்பது, கடையில் அடுக்கி வைத்திருக்கும் குப்பிகளில் எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு. இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாதத் தவணை கட்டி கார் வாங்குகிறவருக்குத்தான் இது மிகவும் தேவை.

மாமாவின் கார்

என் தாய்மாமா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, கருநீல நிறத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினார். பிள்ளையைப் போல் அதைப் பார்த்துக் கொண்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் கார் கழுவும் கடை ஒன்றில் இயந்திரம் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார். கடையை விட்டு வெளியே வரும்போது முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். இரண்டே மாதத்தில் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்கள் மீண்டும் தெரியும். அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் அதே கடை, அதே இயந்திரம்.

நான்காவது வருடம் கூரையில் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றியது. சில மாதங்களில், வெயில் பட்ட தோல் உரிவதைப் போலச் சாயத்தின் மேல்பகுதி உரிந்து வந்தது. மாமா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எந்த மருந்து வாங்கிப் போட்டா இது மறையும்? காசைப் பத்திக் கவலை இல்ல" என்றார்.

"மாமா, இதுக்கு மருந்தே இல்ல. மறுபடியும் சாயம் அடிக்கிறதுதான் ஒரே வழி" என்றேன். அவர் முகம் வாடிப் போனதை இன்றும் மறக்க முடியவில்லை. அக்கறை இல்லாததால் அந்தச் சாயம் கெடவில்லை. அக்கறை அதிகமாகி, அது தவறான வழியில் போனதால்தான் கெட்டது.

செய்தித்தாளை விட மெல்லியது

ஏன் அப்படி ஆயிற்று? இன்றைய கார்களின் சாயம் ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு. 1980களிலிருந்து உலகெங்கும் இந்த முறை பரவிற்று. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் இந்த மேற்பூச்சுதான்.

தொழிற்சாலையில் பூசிய சாயம் முழுவதும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புதான் இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோன். நீங்கள் படிக்கும் செய்தித்தாளின் ஒரு தாளை விட அது மெல்லியது!

இயந்திரம் வைத்துக் கரடான மருந்தால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய பூச்சில் சில மைக்ரோன் கழன்று போகிறது. போனது திரும்பி வராது. பூச்சு மெலிந்தால் வெயிலைத் தடுக்கும் ஆற்றலும் குறையும். ஒரு நாள் அது நிறத்தை விட்டுப் பிரிந்து உரியும்.

ஆகவே, நேயர்களே, ஒன்றை மனத்தில் பதிய வைத்துக் கொள்ளுங்கள். கடையில் எத்தனை குப்பி இருந்தாலும் வகை மூன்றுதான். அழுக்கைக் கழுவுவது ஒன்று, சாயத்தைத் தேய்த்து எடுப்பது ஒன்று, சாயத்தின் மேல் படிந்து காப்பது ஒன்று. கழுவுவதை வாரந்தோறும் செய்யலாம். காப்பதைச் சில மாதங்களுக்கு ஒரு முறை செய்யலாம். தேய்த்து எடுப்பதைக் காரின் ஆயுளில் எண்ணிச் சில முறைதான் செய்யலாம்.

வாங்கும் முன் நான்கு சோதனை

மருத்துவர் நாடி பார்த்த பிறகுதான் மருந்து எழுதுகிறார். நாமும் முதலில் சாயத்தைச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, கிளியர் கோட் இருக்கிறதா? கண்ணில் படாத ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியில் சிறிது போலிஷ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது பழைய ஒற்றைப் பூச்சுச் சாயம். நிறம் ஒட்டாவிட்டால் கிளியர் கோட் இருக்கிறது. 1985ல் வெளிவந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகா போன்ற பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். மங்கிப் போன ஒற்றைப் பூச்சுச் சாயத்தை மென்மையான போலிஷால் ஓரளவு மீட்கலாம்.

இரண்டாவது, கழுவிய காரின் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக் கொண்டு தடவிப் பாருங்கள். மணல் போல நெருடினால் அழுக்கு சாயத்தில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. அதை எடுக்க வேண்டுமே தவிர, சாயத்தைத் தேய்க்கத் தேவையில்லை.

மூன்றாவது, கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டினால் கீறல் ஆழமானது. எந்தப் போலிஷும் அதைப் போக்காது. நகம் மாட்டாமல் வழுக்கினால் போலிஷுக்கு வேலை உண்டு.

நான்காவது, உரிந்த திட்டுகள் இருக்கின்றனவா? இருந்தால் அந்தப் பகுதிக்குக் குப்பி வாங்குவதை நிறுத்துங்கள். தட்டிச் சாயம் அடிக்கும் பட்டறைக்குப் போய் அந்தத் தகட்டுக்கு மட்டும் விலை கேளுங்கள்.

குப்பியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கழுவுவதற்குக் கார் ஷாம்பூ போதும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அது நீங்கள் பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றதில் துணியை அலச வெறும் நீர். செம்மண் தூசி படிந்த காரை முதலில் தண்ணீரைப் பீய்ச்சி நன்றாக நனைத்த பிறகே துணியை வைக்க வேண்டும். மாமாவின் காரில் ஆண்டுதோறும் மீண்டும் தோன்றிய வட்டக் கீறல்களுக்குக் காரணம் இதுதான். மண்ணோடு மண்ணாகத் துணியால் துடைத்தார். துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணியே நல்லது. அதைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் துணி தண்ணீரை உறிஞ்சாது.

நெருடும் அழுக்குக்குக் கிளே எனப்படும் களிமண் கட்டி உண்டு. சாயத்தின் மேல் வழுக்கும் திரவத்தைத் தெளித்து மெதுவாகத் தேய்த்தால் ஒட்டிய துகள்களைப் பிடித்துக் கொள்ளும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணல் சாயத்தைக் கீறும்.

அடுத்து கவனமாக இருக்க வேண்டிய இடம். காம்பவுண்ட், போலிஷ் என்று எழுதியிருந்தால் அதில் அரைக்கும் துகள் இருக்கும். காம்பவுண்ட் கரடு, போலிஷ் மென்மை. 'கிளீனர் வேக்ஸ்' என்று மெழுகின் பெயரில் வருவதிலும் பெரும்பாலும் அரைக்கும் துகள் உண்டு. 'கிளேஸ்' என்பது கீறலை எண்ணெய்ப் பசையால் நிரப்பி மறைப்பது. சில முறை கழுவினால் கீறல் திரும்பத் தெரியும். எப்போதும் மென்மையானதில் தொடங்குங்கள். ஒரு கையகல இடத்தில் போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டுமே அடுத்ததற்குப் போங்கள். காரின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியது. அங்கே இயந்திரமே வேண்டாம்.

காப்பவை மூன்று. முதலாவது மெழுகு. இதில் புகழ் பெற்றது கார்னவுபா. நமக்குச் செம்பனை சோறு போட்டதைப் போல, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து இது கிடைக்கிறது. அழகான மினுமினுப்பு தரும். நம் வெயிலிலும் மழையிலும் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மாதம் நிற்கும். இரண்டாவது சீலண்ட் எனும் செயற்கைப் பூச்சு. பூசுவது எளிது, சில மாதம் தாங்கும். மூன்றாவது செராமிக் கோட்டிங். சாயத்தோடு கெட்டியாக ஒட்டிக் கொண்டு முறையாகப் பூசினால் ஓராண்டோ அதற்கு மேலோ நிற்கும். ஆனால் விலை அதிகம். கீறலோடு பூசினால் கீறல் அப்படியே உள்ளே தங்கிவிடும்.

கடலோரத்துக்கு முதல் மருந்து

உப்புக் காற்று நல்ல சாயத்தை அவ்வளவு எளிதில் தின்பதில்லை. சாயம் பெயர்ந்த இடத்தில் இரும்பைத்தான் தின்கிறது. லாரிக்குப் பின்னால் போகும்போது தெறித்த கல் ஒரு மிளகளவு சாயத்தைப் பெயர்த்திருந்தால், துரு அங்கேதான் தொடங்கும். ஆகவே பாகான் நக்கோடா ஓமார் போன்ற இடத்தில் மெழுகுக்கு முன்னால் வாங்க வேண்டியது சின்னக் குப்பியில் வரும் தொட்டுப் பூசும் சாயம். காரின் சாயக் குறியீட்டு எண் கதவு ஓரத்திலோ எஞ்சின் பகுதியிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும். அதைக் காட்டி வாங்குங்கள். கழுவும்போது காரின் அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் அலச மறக்காதீர்கள்.

பறவை எச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அதில் உள்ள அமிலம் வெயிலில் சாயத்தைப் பொறித்துவிடும். காய்ந்ததைச் சுரண்டவும் கூடாது. ஈரத் துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊற வைத்து எடுங்கள். இரவில் வயலோரம் ஓட்டியபோது முன்பக்கம் ஒட்டிய பூச்சிகளுக்கும் இதே வைத்தியம்தான். கிணற்று நீரால் கழுவினால் உடனே துடைத்து உலர்த்துங்கள். காய விட்டால் வெள்ளைப் புள்ளி விழும். புதிய புள்ளி என்றால் வினிகரில் சம அளவு நீர் கலந்து துடைத்து, பிறகு நன்றாகக் கழுவினால் போகும்.

நேயர்கள் கேட்டவை

கேள்வி: பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்கிறார்களே?

பதில்: பற்பசையிலும் அரைக்கும் துகள் உண்டு. அதனால் சிறு கீறல் மங்கலாம். ஆனால் அந்தத் துகள் எவ்வளவு கரடு என்பது காரின் சாயத்தை நினைத்து அளந்ததல்ல. பல் துலக்க மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைப்பார்கள்.

பதில்: தார்க்கறையை மண்ணெண்ணெய் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மெழுகையும் கரைக்கும், ரப்பர் ஓரங்களையும் கெடுக்கும். கார் முழுக்கத் துடைத்தால் எண்ணெய்ப் பசையில் தூசி வந்து ஒட்டும். தார் எடுக்கும் திரவத்தைக் கறை உள்ள இடத்தில் மட்டும் போட்டு உடனே கழுவுங்கள்.

கேள்வி: செராமிக் பூச்சு '9எச்' கடினம், கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விற்கிறார்களே?

பதில்: அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரக் கடினத்தை அளக்கும் அளவுகோல் வேறு. செராமிக் பூசிய காரிலும் கல் தெறித்தால் சாயம் பெயரும்.

கேள்வி: மெழுகு தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

பதில்: மழை பெய்ததும் போய்ப் பாருங்கள். நீர் முத்து முத்தாக நின்றால் காப்பு இருக்கிறது. நன்றாகக் கழுவிய காரில் நீர் தட்டையாகப் பரவி நின்றால் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாமா சொன்ன பாடம்

மாமாவின் கார் கூரைக்கு மட்டும் பட்டறையில் அதே நிறத்தில் மறுசாயம் அடித்தோம். அந்தச் செலவில் பத்து ஆண்டுக்குத் தேவையான ஷாம்பூவும் சீலண்டும் வாங்கியிருக்கலாம். இப்போது தீபாவளி வந்தால் அவர் இயந்திரத்தைத் தேடுவதில்லை. மாலை வெயில் தாழ்ந்ததும் நிழலில் காரை நிறுத்தி, இரண்டு வாளியோடு பேரப் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு கழுவுகிறார். துடைத்து முடித்துச் சீலண்ட் பூசுகிறார்.

போன முறை பக்கத்து வீட்டு இளைஞர் புதிய கார் வாங்கி வந்து, "ஐயா, எந்த பிராண்டு நல்லது?" என்று அவரிடம் கேட்டார். மாமா குப்பியின் பெயரைச் சொல்லவில்லை. "அது தேய்க்கிறதா, காக்கிறதான்னு மொதல்ல படிச்சுப் பாருங்க தம்பி. புதுக் காருக்குத் தேய்க்கிற மருந்து எதுக்கு?" என்றார்.

நான் இத்தனை நேரம் பேசியதை அவர் அந்த இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அடுத்த முறை கடைக்குப் போகும்போது நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.