அருந்ததி ஏன் கண்ணில் படவில்லை? நட்சத்திர வெளிச்சத்தின் ‘மெட்ராஸ்’ கணக்கு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட். கேரளா போகும் லாரிகளில் மூட்டை ஏறும் ராத்திரி நேரம், எல்இடி விளக்குகள் பளீரென எரிகின்றன. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் நாலைந்து நட்சத்திரங்கள்தான் தெரியும். ஊரைத் தாண்டித் தோட்டத்துப் பக்கம் போனால் எண்ணி மாளாது. வானம் ஒன்றுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

வெளிச்சத்துக்கும் ரேங்க் உண்டு

நட்சத்திரங்களை வெளிச்சத்தை வைத்து ஆறு தரமாகப் பிரிப்பது பழைய கிரேக்க வழக்கம். பளிச்சென்று இருப்பவை முதல் தரம். வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரிபவை ஆறாம் தரம். ஸ்கூல் ரேங்க் மாதிரிதான், எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம்.

இதைத் துல்லியமான கணக்காக்கியவர் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன். ஐந்து தர வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் சரியாக 100 மடங்கு என்று 1856-ல் வரையறுத்தார். அப்படியானால் ஒரு தரத்துக்குச் சுமார் 2.5 மடங்கு. உலகம் முழுக்க இன்றும் இதுதான் அளவுகோல்.

1861-ல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானியல் ஆய்வகத்துக்கு வந்த போக்சன், 1891-ல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றினார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ‘ஆர் ரெடிகுலி’ என்ற நட்சத்திரத்தின் வெளிச்சம் கூடிக் குறைவதை 1867-ல் கண்டுபிடித்தார். அந்த ஆய்வகத்தின் வழிவந்ததுதான், ஒட்டன்சத்திரத்துக்குத் தென்மேற்கே மலைமேல் 1899-ல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம்.

பளிச்சுன்னு தெரிஞ்சா பெரிய நட்சத்திரமா?

அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்தில் வரும் பைக்கின் ஹெட்லைட், தூரத்தில் எரியும் ஹைமாஸ்ட் விளக்கைவிடக் கண்ணைக் கூசவைக்கும். அதே கதைதான்.

இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். அதன் தரம் மைனஸ் 1.46. அடுத்த இடம் அகத்தியர் எனப்படும் கனோபஸுக்கு. பிப்ரவரி மாத இரவு எட்டு மணிவாக்கில் ஒட்டன்சத்திரத்திலிருந்து பார்த்தால், தெற்கே மலைக்கு மேலே நிற்கும். சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அது வெளியிடும் ஒளி சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு. அகத்தியரோ சுமார் 310 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதன் ஒளி சூரியனைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். தூரம் மட்டும் இல்லையென்றால் சிரியஸ் கிட்டவே நிற்க முடியாது.

அருந்ததி எங்கே போச்சு?

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் முகூர்த்தம் பகலில் என்பதால் பெண்ணும் மாப்பிள்ளையும் சும்மா தலையாட்டிவிட்டு வருவார்கள். ஆனால் ராத்திரியில் தேடினாலும் நகரத்தில் கிடைப்பது கஷ்டம். பக்கத்தில் இருக்கும் வசிஷ்டரின் தரம் சுமார் 2.2, அருந்ததி 4. அதாவது வெளிச்சத்தில் ஐந்து மடங்கு குறைவு.

தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிப் போய்த் தூசியிலும் ஈரப்பதத்திலும் பட்டுச் சிதறுவதால் வானமே வெளுத்துவிடுகிறது. அந்த வெளுப்பில் மங்கலானவை முதலில் மறையும். ஆறாம் தரம்வரை முழு வானத்திலும் சுமார் 5,000 நட்சத்திரங்கள் உண்டு. நாலாம் தரத்தோடு பார்வை நின்றுவிட்டால் மிஞ்சுவது சுமார் 500. பத்தில் ஒன்பது காலி!

காற்றையும் குடிநீரையும் சுத்தப்படுத்த வருடக்கணக்கில் ஆகும். வானம் அப்படியில்லை. விளக்குக்கு மேல்பக்கம் மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்தாலே அன்றைக்கே மாற்றம் தெரியும். மூட்டை தூக்குபவருக்கும் லாரி டிரைவருக்கும் வெளிச்சம் வேண்டியது தரையில்தானே.

ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் வடக்குப் பார்த்து நில்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டிச் சின்னப் புள்ளியாக அருந்ததி தெரிந்தால், உங்கள் ஊர் வானம் இன்னும் தப்பிப் பிழைத்திருக்கிறது.