உழவர் ஜிம் – 9: கோழி சாலட் கேஸ்

இந்த வாரம் ஜிம்மின் மனைவி மிரியம் அம்மாளை மேடையேற்றுவதாகச் சொல்லியிருந்தேன். முடியவில்லை. ஒரு கோழி குறுக்கே வந்துவிட்டது.

முன்கதை கேட்பவர்களுக்காக இரண்டு வரி. மில்காரர் மகன், பன்னிரண்டு வயதில் சேர்ந்த பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டு, ஊர்சுற்றித் திரும்பி வக்கீலாகி, டெம்பிள் நகரத்தில் பாங்க் வைத்து, குத்தகை விவசாயிகளின் ஓட்டில் 1914-ல் டெக்ஸாஸ் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜேம்ஸ் ஃபெர்குசன், அதாவது நம் ஜிம். போன வாரம் அவரை டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தோடு மல்லுக்கு நிற்க வைத்தோம். இதற்கு மேல் வேண்டுமென்றால் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

கோழிக்கு வருகிறேன். 1914 பிரசாரத்தில் டெக்ஸாஸே மதுவிலக்குச் சண்டையில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஜிம் அந்தச் சண்டையை ஒதுக்கிவைக்கப் பார்த்தார். மதுவுக்கு ஆதரவாகவோ எதிராகவோ எந்த மசோதா தன் மேஜைக்கு வந்தாலும், கோழிக்குக் கோடரி விழுந்த இடத்திலேயே அதற்கும் விழும் என்றார். கழுத்தில் என்று சொல்லாமலே களத்துமேட்டில் நின்றவர்களுக்குப் புரிந்தது. அந்தக் கோழிதான் இரண்டே வருஷத்தில் சாலட்டாகத் திரும்பி வந்தது.

எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். டெக்ஸாஸின் அரசியல் சாசனம் 1875-ல் எழுதப்பட்டு 1876-ல் ஏற்கப்பட்டது. எழுதியவர்களில் விவசாயச் சங்கத்துக்காரர்கள் நிறையப் பேர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த ஆட்சியின்மேல், குறிப்பாக எட்மண்ட் டேவிஸ் என்ற கவர்னரின்மேல், அவர்களுக்கு அடங்காத ஆத்திரம். பணம் கையில் இருந்தால்தானே ஆட்டம் என்று, ஐயாயிரம் டாலராக இருந்த கவர்னர் சம்பளத்தை நாலாயிரமாக வெட்டினார்கள். வெட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, பக்கத்திலேயே ‘அதற்கு மேல் கிடையாது’ என்றும் எழுதி வைத்தார்கள். சம்பளத்தோடு குடியிருக்க மாளிகை உண்டு. அதில் பொருத்தப்பட்ட சாமான்களையும் மேஜை நாற்காலிகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

‘அதற்கு மேல் கிடையாது.’ திங்கட்கிழமையிலிருந்து இந்தச் சொற்களைத்தான் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலகத்து அரசியல் சாசனங்கள் சுதந்திரம், சமத்துவம் என்று பெரிய குரலில் பேசும். இது மட்டும் மளிகைக்கடை அண்ணாச்சி கடன் நோட்டை மூடிவைக்கிற குரலில் பேசுகிறது. அந்த நாலாயிரம் 1936 வரை, அதாவது அறுபது வருஷம், அப்படியே நின்றது.

சம்பளம் நின்றாலும் விருந்தாளி வருவது நிற்குமா? கவர்னர் மாளிகை என்றால் வரவேற்பு, விருந்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் உண்டு. ஜிம்முக்கு முன்னால் இருந்த ஆஸ்கர் கால்க்விட் காலத்திலேயே, மாளிகைப் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணத்தில் விருந்துச் செலவும் சேர்ந்து போயிற்று. விறகு, விளக்கு, ஐஸ் என்று போகிற தலைப்புகளின் வாலில் ‘இதர செலவு’ என்று ஒன்று இருக்கும். கோழி சாலட்டும் பழரசமும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தன.

‘இதர செலவு’ என்ற சொல்லின் மகிமை எனக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் ஒரு வருஷம் நான் மெஸ் செயலாளர். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். இடிக்கிற தொகையை ‘இதர’ என்று எழுதி அடியில் கோடு போட்டுவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர் தின்ற பரோட்டாவும் அதற்குள்தான் போயிற்று. வார்டன் நோட்டைப் பார்த்துவிட்டு, “இதரன்னா யாருப்பா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் செயலாளர் மாறினார்.

டெக்ஸாஸில் அதே கேள்வியை நீதிமன்றம் கேட்டது. வரி கட்டுகிற ஒருவர் வழக்குப் போட, அது மேல்முறையீடு வரை போனது. சாசனம் கவர்னருக்குச் சம்பளமும் மாளிகையும் மேஜை நாற்காலியும் தருகிறது, மளிகைச் சாமான் தரவில்லை, ஆகவே அரசுப் பணத்தில் சாப்பாட்டுச் செலவு செல்லாது என்று 1916-ல் தீர்ப்பானது. ஊர் அதற்குக் கோழி சாலட் கேஸ் என்று பெயர் வைத்தது. அதற்குள் நாற்காலியில் ஜிம் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு மளிகையும் அதே வழியில்தான் வந்துகொண்டிருந்தது. 1917 மார்ச்சில் சட்டமன்ற விசாரணைக் குழு, பணத்தைத் திருப்பிக் கட்டிவிடுங்கள், பதவி நீக்கம்வரை போகவேண்டாம் என்கிற தோரணையில் விஷயத்தை முடித்தது.

அங்கேயே அடங்கியிருக்கும். எந்த ஊரில்தான் மளிகை பில்லுக்காக ஆட்சி கவிழ்ந்திருக்கிறது? ஆனால் ஜிம் பல்கலைக்கழகத்தை விடவில்லை. தனக்குப் பிடிக்காத பேராசிரியர்களை நீக்கச் சொன்னார், காரணம் சொல்ல மறுத்தார், மே மாதக் கடைசியில் மாணவர்கள் ஊர்வலமாக வந்து தலைமைச் செயலக வாசலில் நின்றார்கள், ஜூனில் பல்கலைக்கழகத்துக்கான ஒதுக்கீட்டையே அநேகமாக முழுசாக வெட்டினார். படித்துவிட்டுப் போனவர்கள் வக்கீல்களாகவும் பத்திரிகைக்காரர்களாகவும் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் மாநிலம் முழுக்க இருந்தார்கள் என்பதை எப்படி மறந்தாரோ! மூடிய கணக்கு நோட்டுகளை அவர்கள் மறுபடி பிரித்தார்கள். இந்த மனிதர் பேராசிரியர்களைத் தொடாமல் இருந்திருந்தால் கோழியை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

நோட்டைப் பிரித்தால் கோழி சின்னது. கேன்யன் என்ற ஊரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி 1914-ல் தீப்பிடித்து எரிந்தது. வந்த இன்ஷூரன்ஸ் பணத்தில் மிச்சம், லட்சம் டாலருக்கு மேல், ஜிம்மின் பொறுப்புக்கு வந்தது. அதிலிருந்து 5,600 டாலர் அவருடைய சொந்தக் கடனை அடைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் அவருக்கு யாரோ 1,56,500 டாலர் கொடுத்திருக்கிறார்கள். செக் இல்லை, ரொக்கம். நாலாயிரம் சம்பளக்காரர்! அந்தச் சம்பளத்தில் ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் முப்பத்தொன்பது வருஷம் ஆகும். கொடுத்தது யார் என்று கேட்டார்கள். நண்பர்கள், பெயர் சொல்ல மாட்டேன் என்றார். மது மசோதாவின் கழுத்தை வெட்டுவேன் என்றவருக்குக் கடன் கொடுத்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள் என்பது பிறகு வெளியே வந்தது.

ஜூலையில் ஆஸ்டின் நகரத்து கிராண்ட் ஜூரி அவர்மேல் ஒன்பது குற்றங்களைச் சாட்டியது. ஜாமீன் கட்டிவிட்டு வெளியே வந்தவர், மூன்றாவது முறையும் போட்டியிடுவேன் என்று அறிவித்தார். இந்தத் திமிரை நான் ரசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கீழவை 21 குற்றச்சாட்டுகளை எழுதியது, மேலவை மூன்று வாரம் விசாரித்துப் பத்தை உறுதி செய்தது. எரிந்த கல்லூரியும், ரொக்கமும், பல்கலைக்கழகமும் அதில் உண்டு. பதவி நீக்கம், இனி டெக்ஸாஸில் எந்தப் பதவியும் வகிக்கத் தடை: ஆதரவு 25, எதிர்ப்பு 3.

(“கவர்னரைச் சட்டமன்றம் எப்படி நீக்கும்?” என்று இந்த வாரமும் இரண்டு கடிதம். நம் ஊர் கவர்னரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டில் வருகிறவர், முதலமைச்சருக்குச் சமம். மூன்றாவது பகுதியிலேயே சொல்லியாயிற்று.)

இதில் ஜிம்மின் கைவேலை ஒன்று இருக்கிறது. தீர்ப்பு எழுதப்பட்டது 1917 செப்டம்பர் 25. அவர் ராஜினாமா கொடுத்தது அதற்கு முதல் நாள். இது கங்காரு கோர்ட், வெறும் போலி நீதிமன்றம் என்று திட்டினார். நானே போய்விட்டேன், போனவனை எப்படி நீக்குவீர்கள், நீக்காதவனுக்கு ஏது தடை என்பது அவருடைய வாதம். துணைக் கவர்னர் வில்லியம் ஹாபி நாற்காலியில் உட்கார்ந்தார். ஜிம் டெம்பிளுக்குத் திரும்பி, ‘ஃபெர்குசன் ஃபோரம்’ என்று சொந்தப் பத்திரிகை தொடங்கி, வாராவாரம் திட்டித் தீர்த்தார். வாராவாரம் எழுதுவதன் கஷ்டம் தெரிந்தவன் என்ற முறையில் அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு என் மரியாதை உண்டு.

ஒரு நாள் முந்திக்கொண்ட அந்த ராஜினாமாவின் பலத்தில் ஏழு வருஷம் ஓட்டினார். 1918-ல் ஹாபியை எதிர்த்து நின்றார், தோற்றார். 1924-ல் மறுபடி நிற்கப் புறப்பட்டபோது மாநில உச்ச நீதிமன்றம் வாதத்தை உடைத்தது: ராஜினாமா செல்லாது, தடை செல்லும், வாக்குச்சீட்டில் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற பெயர் வரக்கூடாது.

தடை ஜேம்ஸுக்குத்தான். ஃபெர்குசனுக்கு இல்லை. வீட்டில் இன்னொரு ஃபெர்குசன் இருந்தார். முழுப்பெயர் மிரியம் அமாண்டா, முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ‘மா’. அரசியல் மேடையில் அதுவரை வாய் திறக்காதவர். ஆசிரியர் இரண்டாவது முறை போன் செய்துவிட்டார், இடம் இவ்வளவுதானாம். மா அடுத்த வாரம் வருவார், நிச்சயமாக. எதிரே நிற்பது முகமூடி போட்ட கு க்ளக்ஸ் க்ளான்.