எச்சில் சோதனையும் வம்சாவளியும்

வாஷி மார்க்கெட்டில் அரிசி வியாபாரம் பண்ணும் என்னிடம், நாற்பது வருஷமாக மாறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஜெயின் என்கிறீர்கள், அப்புறம் எப்படி மதராஸி? ராஜஸ்தானிலிருந்து எத்தனை தலைமுறைக்கு முன் தெற்கே போனீர்கள்?" நாங்கள் எங்கிருந்தும் போகவில்லை ஐயா, ஆரணி வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள், நயினார் என்பார்கள் என்று விளக்கம் சொல்லி வாய் வலித்துப்போய்விட்டது. ஒருநாள் என் மகன் சொன்னான்: "இதுக்கு எதுக்குப்பா வாதம்? குப்பியில எச்சிலைத் துப்பி அனுப்பினா அவனே சொல்லிடப் போறான்."

அதற்குச் சில வருஷம் முன்னால்தான், இதே எச்சில் சோதனையால் எங்கள் உறவுக்காரர் வீடு ஒன்றில் மூன்று நாள் அடுப்பு மூட்டாத குறையாகக் கிடந்தார்கள். ஆகவே மகனுக்கு உடனே சரி என்று சொல்லாமல், கிடைத்ததைப் படித்தேன்; தெரிந்த டாக்டர்களையும் தொந்தரவு செய்தேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப்பேர் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே பிறந்தநாள் பரிசாகவே இந்தச் சோதனைப் பெட்டியைக் கொடுக்கிறார்களாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் பொதுவாக 46 குரோமோசோம்கள் உண்டு. 23 தகப்பன் கொடுத்தது, 23 தாய் கொடுத்தது. டி.என்.ஏ. என்னும் நீண்ட இழைதான் அவற்றில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எச்சிலில் கலந்துவரும் அணுக்களிலிருந்து அந்த இழையைப் பிரித்து, அதில் மனிதருக்கு மனிதர் வேறுபடும் சில லட்சம் இடங்களை மட்டும் படிக்கிறார்கள்.

வம்சம் பார்க்க இதில் மூன்று வழி உண்டு. ஒன்று தகப்பன் வழி. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, பெண்ணுக்குக் கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஏறக்குறைய அப்படியே இறங்கும். இரண்டாவது தாய் வழி. மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் டி.என்.ஏ.வை அம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பாள். ஆனால் மகள்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவாள். இந்த இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு போடுவார்கள். மூன்றாவது, மீதி 22 ஜோடிகளையும் சேர்த்துப் பார்ப்பது. உறவுக்காரரைக் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். அண்ணன் தம்பிக்குள் சராசரி 50 சதவீதம் பொதுவாக இருக்கும். ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் 12.5. இரண்டுவிட்ட சகோதரர் என்றால் சுமார் 3.

தகப்பன் வழிச் சோதனையைப் பற்றி நம்மூர்க் கதை ஒன்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினரும் ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற கிராமத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற பழைய அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதக் கூட்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் அடையாளம் அது. பத்திரிகைகள் "முதல் இந்தியர்" என்று தலைப்புப் போட்டுவிட்டன. அது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பத்துத் தலைமுறை பின்னால் போனால் கணக்குப்படி நமக்கு 1,024 முன்னோர். அதில் தகப்பன் வழிச் சோதனை காட்டுவது ஒரே ஒருவரை. மீதி 1,023 பேர் என்ன ஆனார்கள்?

இனி அந்த உறவுக்காரர் வீட்டு விஷயம். இரண்டு பையன்கள், இரண்டு பேரும் அமெரிக்காவில் வேலை. சின்ன வயசிலிருந்து ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடுகிறவர்கள். விளையாட்டாக ஒரே கம்பெனியில் சோதனை பண்ணிக்கொண்டார்கள். ரிப்போர்ட்டில் 25 சதவீதம் பொருத்தம் காட்டி, "ஹாஃப் பிரதர்" என்று போட்டிருந்தது. அதாவது தாயோ தகப்பனோ ஒருவர் பொது. ஒரு பையன் ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் கேட்டே விட்டான்: "நான் இந்த வீட்டுப் புள்ளதானாம்மா? என்னை சுவீகாரம் எடுத்தீங்களா?" அந்த அம்மா எனக்கு அக்கா முறை. அவர் அழுத அழுகையை நான் போனில் கேட்டேன். வீட்டுக்காரர் யாரிடமும் பேசவில்லை. வேறு என்னென்ன சந்தேகங்கள் யார் யார் மனசில் ஓடின என்பதை நான் எழுத வேண்டாம்.

எண்பது தாண்டிய பாட்டிதான் சொன்னார்: "நம்ம பொண்ணைக் குடுத்து அவங்க பொண்ணை எடுத்தோம். ரெண்டு கல்யாணமும் ஒரே பந்தல்ல நடந்துது. மிஷினுக்கு அது தெரியுமாடா?"

பாட்டி சொன்னதுதான் முழு விடை. பென்சிலும் பேப்பரும் வைத்துக்கொண்டு நீங்களும் போட்டுப் பாருங்கள். மேல வீட்டில் ஒரு அண்ணன், ஒரு தங்கை. கீழ வீட்டிலும் அப்படியே. மேல வீட்டு அண்ணன் கீழ வீட்டுப் பெண்ணைக் கட்டினார். கீழ வீட்டு அண்ணன் மேல வீட்டுப் பெண்ணைக் கட்டினார். இரண்டு ஜோடிக்கும் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அத்தை மகனும் ஆவார்கள், மாமன் மகனும் ஆவார்கள். அப்பா வழியில் ஒரு 12.5, அம்மா வழியில் ஒரு 12.5, கூட்டினால் 25. ஒரு தகப்பனுக்கு இரண்டு தாரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே 25தான் வரும். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் அரிதாக உள்ள ஊரில் எழுதிய கணக்கு, முதலில் தனக்குப் பழக்கமான உறவின் பெயரைப் போட்டுவிட்டது.

சரி, கணக்கு ஒத்துப்போகிறது; ஆனால் சந்தேகம் தீர்ந்துவிடுமா? தீரும், அதே ரிப்போர்ட்டிலேயே. ஒரே தகப்பன் என்றால் இரண்டு பையன்களின் ஒய் குறியீடு ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரே தாய் என்றால் மைட்டோகாண்ட்ரியா குறியீடு ஒன்றாக இருந்தாக வேண்டும். இவர்கள் விஷயத்தில் முதல் பையனுக்கு ஒய் மேல வீட்டுடையது, தாய்வழி கீழ வீட்டுடையது. இரண்டாவது பையனுக்கு நேர் தலைகீழ். ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு குறியீடும் வேறு வேறாகவே இருந்தன. தகப்பனும் பொது இல்லை, தாயும் பொது இல்லை. பிறகு ஹாஃப் பிரதர் எங்கே வந்தது? (குறியீடு ஒன்றாக இருந்தால் மட்டும் உறவு நிரூபணமாகிவிடாது, ஏனென்றால் ஒரே குறியீடு லட்சக்கணக்கான பேருக்கு இருக்கலாம். ஆனால் தெளிவாக வேறு வேறு பிரிவு என்றால் அந்த வழி உறவு இல்லை என்பது உறுதி.)

டாக்டர் நண்பர் இன்னொரு வழியும் சொன்னார். ஒரே தகப்பன், வேறு வேறு தாய் என்றால், தாய்மார் உறவில்லாதவர்களாக இருக்கும் பட்சத்தில், தகப்பன் கொடுத்த பிரதியில் மட்டும்தான் பொருத்தம் வரும். இவர்களைப்போல இரட்டை உறவு என்றால், சராசரி பதினாறில் ஒரு பங்கு இடங்களில் இரண்டு பிரதியுமே பொருந்தும். விவரமாகக் கேட்டால் இதையும் எடுத்துப் பார்க்க முடியும். அக்கா வீட்டில் அதுவரை போகவில்லை. பென்சில் படமே போதுமானதாயிற்று. பையன்கள் இப்போதும் மச்சான்கள்தான்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. மாமன் மகளை, அத்தை மகனை, அக்கா மகளைக் கட்டுவது நம்மில் பல சாதிகளில் வழக்கம். சாதாரணமாக ஒருவருக்குப் பாட்டன் பாட்டிக்கு மேல் அடுத்த படியில் எட்டுப் பேர் இருக்க வேண்டும். மாமன் மகளைக் கட்டினவர் பிள்ளைக்கு ஆறு பேர்தான். இப்படியே பல தலைமுறை போனால், ஊருக்கு ஊர் தூரத்து உறவுகூட நெருங்கின உறவுபோல் எண் காட்டும். எங்களைப்போன்ற சின்னச் சமூகத்தில் கேட்கவே வேண்டாம். ரிப்போர்ட்டில் "இரண்டுவிட்ட சகோதரர்" என்று வந்தால், நான் அதை நாலு விட்டவராகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் விசாரிப்பேன்.

ஆராய்ச்சியாளர்களும் இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்துத் தங்கராஜ், அமெரிக்காவின் டேவிட் ரெய்க் முதலானோர் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவின் பல்வேறு மக்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் வரை தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தத்தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியிருக்கிறது. 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பார்த்து, அவற்றில் 81 சமூகங்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகியவை என்ற முடிவுக்கு வந்தது. தங்கள் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிப்பதற்குப் பேர்போன அஷ்கெனாசி யூதர்களைவிட இவர்களிடம் அந்தத் தடம் ஆழமாம். ஆந்திரத்து வைசியர்களில் சிலருக்கு ஒரு என்சைம் குறைவு. ஆபரேஷனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சீக்கிரம் இறங்காமல் மூச்சு நின்று ஆபத்தாகிவிடும். முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார். வம்சாவளி எழுதுகிறவர்கள் பெயரோடு வியாதியையும் எழுதி வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி என் சொந்த ரிப்போர்ட். கடைசியில் துப்பித்தான் அனுப்பினேன். பெரும்பகுதி "தென்னிந்தியா" என்று வந்தது. "கடையில ஃப்ரேம் போட்டு மாட்டிடலாமா?" என்றான் மகன். சில மாதம் கழித்து அதே கம்பெனி சதவீதங்களை மாற்றி அனுப்பியது. என் எச்சில் ஒன்றும் மாறவில்லை! இதைப் புரிந்துகொள்ள எனக்கு மண்டி அனுபவம் உதவியது. மூட்டையில் ஊசி குத்தி ஒரு பிடி அரிசி எடுத்துப் பார்த்து, இது இந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்கிறோம். எப்படிச் சொல்கிறோம்? முன்பு பார்த்த சாம்பிள்களோடு மனசில் ஒப்பிட்டு. பார்த்தே இராத ஊர்ச் சரக்கு வந்தால், ஜாடையில் கிட்டத்தில் உள்ளதைச் சொல்லிவைப்போம். கம்பெனியும் அப்படியே. அவர்களிடம் சேர்ந்திருக்கும் சாம்பிள்களில் யாரைப்போல் இருக்கிறோம் என்பதுதான் அந்தச் சதவீதம். சாம்பிள் கூடினால் சதவீதம் மாறும். அதில் பெரிய பிரதேசத்தை நம்பலாம். ஜில்லாக் கணக்காகச் சொன்னால் நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன்.

என்னிடம் கேட்கப்படும் கேள்விக்கு அதில் பதில் வந்ததா? பாதி வந்தது. ரத்தம் தெற்கத்தியது என்று சொல்லிற்று. சமணத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, இருக்கவும் முடியாது, டி.என்.ஏ.வில் மதத்துக்கு இடமில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிக் கல்லில் வெட்டியிருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுப் பழமையானது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கே சமணம் இருந்ததற்கு அந்தக் கல் சாட்சி. என் பாட்டன் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்பதைக் கல் சொல்லாது. அதற்கு வீட்டுப் பத்திரங்கள் வேண்டும். என்னிடம் இருப்பவை நான்கு தலைமுறை வரைதான் போகின்றன.

பத்திரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளில் சுவீகாரம் சகஜம். சுவீகாரப் பிள்ளை கொள்ளி வைத்தார், கடையை நடத்தினார், குடும்பப் பெயரைக் காப்பாற்றினார். சோதனை அவரை வம்சத்திலேயே சேர்க்காது. பத்திரம் சேர்க்கும். நான் பத்திரத்தின் கட்சி. நீதிமன்றமும் இதில் நிதானம்தான். தகப்பன் யார் என்று பார்க்க ரத்தச் சோதனைக்கு வழக்கமான காரியம்போல் உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லியிருக்கிறது. நாம் பொழுதுபோக்காக அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, எச்சில் நம்முடையது, ரகசியம் நம்முடையது மட்டுமல்ல. தம்பி துப்பினால் அண்ணனுடைய பாதி வெளியே போய்விடும். 2023-ல் ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்கக் கம்பெனியில் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் திருட்டுப்போயின. 2025 மார்ச்சில் அது திவால் மனுவே கொடுத்தது. பிறகு கை மாறிவிட்டது. ஆகவே அனுப்புமுன் கூடப்பிறந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கும் முன்னால், யார் யாரைக் கட்டினார்கள், எது பெண் கொடுத்துப் பெண் எடுத்தது, யார் சுவீகாரம் என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பெரிய தாளில் எழுதி வையுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு கேட்டால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

என் தாளில் ஆண்கள் பெயர் நாலு தலைமுறைக்கு வரிசையாக இருக்கிறது. பெண்கள் பக்கம் இரண்டு கட்டம் காலி. என் தாய்வழிக் குறியீடு எம் என்ற எழுத்தில் ஆரம்பிக்கிறது. இந்தியாவில் பாதிப் பேருக்கு மேல் அதே எழுத்துதானாம். அதை எனக்குக் கொண்டுவந்து சேர்த்த அம்மாவின் பாட்டிக்கு என்ன பெயர் என்று சொல்ல வீட்டில் இப்போது ஆள் இல்லை. வந்தவாசியில் தூரத்து உறவில் தொண்ணூறு வயதுப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பார்க்க வேண்டும்.