கெமராவை வாங்குமுன் பெட்டரியைப் பாருங்கள்

மருதமுனையில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு ராத்தா இருக்கிறார். அவருடைய கணவர் சவூதியில் பல வருடம் சாரதியாக உழைத்தவர். ஒரு விடுமுறைக்கு வந்தபோது சட்டைப் பைக்குள் அடங்கக்கூடிய ஒரு டிஜிட்டல் கெமரா வாங்கி வந்திருந்தார். அவர் மௌத்தாகி இப்போது பதினோரு வருடமாகிறது. கடந்த நோன்புக்கு முன் வீடு துப்புரவு செய்யும்போது அலுமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கெமரா அகப்பட்டிருக்கிறது. எத்தனை தரம் அழுத்தியும் உயிர் வரவில்லை. என் மனைவியின் கையில் அதைக் கொடுத்து அவர் சொன்ன வார்த்தை இதுதான்: "மௌலவிக்கிட்டக் காட்டுங்க மச்சி. பெட்டரி செத்துப்போச்சி. அவர்ர படமெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு."

நான் மின்சாரம் படித்தவனல்ல. அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்பும் படித்தவன். ஆனால் பாடசாலையில் விழா நாட்களில் கெமரா என் பொறுப்பில் இருப்பதால், ஊரில் பழுதான கெமராக்களெல்லாம் என் மேசைக்குத்தான் வந்து சேருகின்றன. ராத்தாவின் கெமராவைத் திறந்து பார்த்தேன். பெட்டரி அப்பம்போல ஊதி அறைக்குள் இறுகிக் கிடந்தது. அதே வகைப் பெட்டரியைத் தேடிக் கடைகளில் ஏறி இறங்கினேன். "அந்த மொடல் இப்ப வாறதில்ல" என்பதே எல்லா இடத்திலும் பதில்.

என் அலுமாரியிலும் அதே காலத்து இன்னொரு கெமரா இருக்கிறது. நிறத்தில் மங்கல், எடையில் செங்கல். ஆனால் முன்கடையில் இரண்டு பென் டோர்ச் பெட்டரி வாங்கிப் போட்டால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறது. வாங்கும்போது யாரும் எண்ணிப் பார்க்காத இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

"கையில் போன் இருக்கும்போது கெமரா எதற்கு?" என்று சில சகோதரிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் ஊர்களில் கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுக்கப்படும் படங்களை நினைத்துப் பாருங்கள். போனில் எடுத்த படம் அன்றிரவே எத்தனை வட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வருகிறது! இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு கெமராவில் எடுத்த படம் அதன் கார்ட்டுக்குள் இருக்கும். கார்ட் வீட்டுக்காரியின் கையில் இருக்கும். (படம் எடுப்பது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு தனி விடயம், அதற்குள் இங்கே நான் போகவில்லை.) இன்னொரு பக்கம், 2005க்கும் 2012க்கும் இடையில் வந்த பழைய சிறு கெமராக்கள் இப்போது இளம் பிள்ளைகளிடையே மீண்டும் நாகரிகமாகிவிட்டன. என் மூத்த மகளும் "வாப்பா, பழைய மொடல் ஒண்டு ஒன்லைன்ல மலிவாக் கிடக்கு" என்று போனை நீட்டினாள். படத்தின் தரத்தை அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பெட்டரி என்ன வகை மகள்?"

பென் டோர்ச் பெட்டரியின் கதை

உலகம் ஏஏ என்று சொல்வதையே நாம் பென் டோர்ச் பெட்டரி என்கிறோம். 14.5 மில்லிமீற்றர் விட்டம், 50.5 மில்லிமீற்றர் நீளம். 1947 இல் அமெரிக்காவில் இந்த அளவு தரமாக்கப்பட்டது. அதற்குப் பின் எந்த நாட்டில் எந்தக் கொம்பனி செய்தாலும் இதே அளவுதான். கல்முனை பஸாரில் வாங்கியது ஜப்பான் கெமராவுக்குப் பொருந்துகிறது. மக்காவில் வாங்கியது நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் பொருந்துகிறது. இப்படியொரு பொது ஒழுங்கு எத்தனை பெரிய வசதி என்பது, சுவரில் ஒரு வகைத் துளையும் கையில் வேறு வகைப் பிளக்குமாகத் தவித்த எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் விளங்கும்.

எனது சின்ன வயதில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த காலம். டோர்ச் பெட்டரி மங்கினால் உம்மா அதைக் கழற்றி முற்றத்து வெயிலில் காயவைப்பார். சூடேறினால் உள்ளே இரசாயன வேலை சற்று வேகமாகும். அன்றிரவு மட்டும் வெளிச்சம் கிடைக்கும். இப்போது யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். சூடேறிய பழைய பெட்டரி உள்ளே இருப்பதைக் கக்கி, போட்ட பொருளையே அரித்துவிடும்.

பென் டோர்ச் பெட்டரி என்று எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணுவதுதான் பலர் விடும் பிழை. மேலுறையில் ஒரு சிறு எழுத்துக் குறி இருக்கும், படித்துப் பாருங்கள். ஆர்6 என்றிருந்தால் அது சாதாரண மலிவுப் பெட்டரி. கடிகாரத்துக்குப் போதும்; கெமராவுக்குப் போட்டால் சில படங்களோடு முடிந்துவிடும். எல்ஆர்6 என்பது அல்கலைன். எச்ஆர்6 என்பது திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை. எஃப்ஆர்6 என்பது சார்ஜ் செய்ய முடியாத லித்தியம். எடை குறைவு, ஆயுள் அதிகம், விலையும் அதிகம்.

அல்கலைன் 1.5 வோல்ற், நிக்கல் வகை 1.2 வோல்ற்தான். அப்படியானால் அல்கலைன் அல்லவா சிறந்தது என்று தோன்றும். கெமராவில் நடப்பது தலைகீழ். பிளாஷ் அடிக்கும்போதும் லென்ஸ் நகரும்போதும் கெமரா ஒரே மூச்சில் நிறைய மின்சாரத்தை இழுக்கிறது. அந்த இழுப்புக்கு அல்கலைனின் வோல்ற் சட்டென்று விழுகிறது. உடனே கெமரா "பெட்டரி முடிந்தது" என்று அணைந்துவிடும். நிக்கல் வகையோ 1.2 இலேயே கடைசிவரை தளராமல் நிற்கும். ஒரே கெமராவில் அல்கலைனைவிட நிக்கல் வகையில் இரண்டு மூன்று மடங்கு படங்கள் எடுக்கலாம் என்று பழைய கெமராக்களின் கைந்நூல்களே சொல்கின்றன. எனவே கெமராவில் "முடிந்த" அல்கலைனை வீச வேண்டாம். சுவர்க் கடிகாரத்தில் போட்டால் அது இன்னும் பல மாதம் ஓடும்.

நிக்கல் வகைக்கு முன்பு ஒரு குறை இருந்தது. சார்ஜ் செய்து மேசைக்குள் வைத்தால் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். 2005 இன் கடைசியில் சன்யோ கொம்பனி எனிலூப் என்ற பெயரில் வடியாத வகையைக் கொண்டுவந்தது. ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி மிச்சமிருக்கும். பின்னர் சன்யோவை பானசோனிக் வாங்கிவிட்டது. இப்போது அந்தப் பெயரிலேயே அது வருகிறது.

கொம்பனிக்கே உரிய பெட்டரி

பென் டோர்ச் பெட்டரி இவ்வளவு நல்லதென்றால் கொம்பனிகள் ஏன் அதைக் கைவிட்டன? வியாபாரத் தந்திரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நீதியாகாது. லித்தியம் அயன் பெட்டரி ஒன்றே ஏறத்தாழ 3.7 வோல்ற் தருகிறது. அதாவது மூன்று நிக்கல் பெட்டரியின் வேலை. எடை குறைவு. உருளையாக இருக்க வேண்டியதில்லை என்பதால் கெமராவைத் தீப்பெட்டி போல் மெலிதாகச் செய்யலாம். நம் பெண்கள் கைப்பைக்குள் வைத்துத் திரிந்த மெல்லிய கெமராக்களெல்லாம் இதனால்தான் சாத்தியமாயின.

ஆனால் கெனன் கொம்பனியின் சிறு கெமராக்களுக்கு மட்டும் என்பி-4எல், 5எல், 6எல், 11எல் என்று எத்தனை வகை! நிக்கோனில் இஎன்-இஎல்10, 12, 19. சோனியில் வேறு பெயர்கள். ஒன்று மற்றொன்றுக்குள் போகாது. இத்தனை வகை தேவைதானா என்று கேட்டால், எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை. 2009 இல் பானசோனிக் தன் சில கெமராக்களின் மென்பொருளை மாற்றி, பிற கொம்பனிகள் செய்த பெட்டரிகளை அவை ஏற்காதபடி செய்தது. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னது. அதில் உண்மை இல்லாமலில்லை. மட்டமான பெட்டரி தீப்பிடிக்கும். ஆனால் வாங்கியவரின் கை கட்டப்பட்டதும் உண்மைதான்.

இதற்கு மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. நொக்கியாவின் பிஎல்-5சி பெட்டரியை அறியாத வீடு நம் பக்கத்தில் உண்டா? 2003 இல் வந்த நொக்கியா 1100 போனுக்குள் இருந்தது அதுதான். அதுவும் ஒரு கொம்பனியின் சொந்தப் பெட்டரியாகத்தான் பிறந்தது. ஆனால் அந்தப் போன்கள் உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்றதால், சிறு வானொலிகளும் கிராஅத் கேட்கும் சிறு ஸ்பீக்கர்களும் அதையே வைத்துச் செய்யப்பட்டன. போன் ஒழிந்தும் பெட்டரி கடையில் தொங்குகிறது. 2007 இல் அதே வகையில் 4 கோடி 60 இலட்சம் பெட்டரிகள் சூடேறக்கூடும் என்று நொக்கியா இலவசமாக மாற்றிக் கொடுக்க முன்வந்ததும் நினைவிருக்கலாம்.

ஆகவே நான் பார்ப்பது பெட்டரி யாருடையது என்பதை மட்டுமல்ல. அது எத்தனை கெமராக்களுக்குப் போகிறது, எத்தனை வருடமாகச் சந்தையில் நிற்கிறது என்பதைத்தான். கெனனின் எல்பி-இ6 வகை 2008 முதலும், நிக்கோனின் இஎன்-இஎல்15 வகை 2010 முதலும் சிறு மாற்றங்களோடு ஒரே வடிவில் தொடர்கின்றன. அப்படிப்பட்ட பெட்டரி நாளைக்கும் கிடைக்கும். ஒரே ஒரு மொடலுக்காகச் செய்யப்பட்ட பெட்டரியோ அந்த மொடலோடு போய்விடும்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில் என் செங்கல் கெமராவின் அருமை எனக்கு இன்னும் விளங்கியது. சார்ஜர் செத்துக் கிடந்தாலும் கடைப் பெட்டரி போட்டு வேலையை முடிக்கலாம். இப்போது வரும் புதிய கெமராக்கள் பல யூஎஸ்பி-சி வயரில் சார்ஜ் ஆகின்றன. அவற்றுக்குப் பவர் பேங்க் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் கெமராக்களும் போன்களும் அந்த ஒரே வகைத் துளையோடுதான் வரவேண்டும் என்று சட்டமாகிவிட்டது. பாவிப்பவரே பெட்டரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதி 2027 பெப்ரவரி 18 முதல் என்று வைத்திருக்கிறார்கள். அங்கே போட்ட சட்டத்தின் பயன் இங்கே நம் கடைகளுக்கும் வந்து சேரும்.

மகளுக்கு நான் சொன்னது இதுதான். பழைய கெமரா வாங்குவதென்றால் பென் டோர்ச் பெட்டரி போடுவதாகப் பார். கெனனின் ஏ வரிசையிலும் நிக்கோனின் எல் வரிசையிலும் அப்படிப் பல உண்டு. பெட்டரி அறையைத் திறந்து பச்சை, வெள்ளைப் பூச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதே. கொம்பனிப் பெட்டரி உள்ளது என்றால், அந்தப் பெட்டரியும் சார்ஜரும் இன்று புதிதாகக் கிடைக்கின்றனவா என்று முதலில் கேள். கார்ட் எஸ்டி வகைதானா என்றும் பார். எக்ஸ்டி, மெமரி ஸ்டிக் என்று பழையவை சில, பெட்டரி கிடைத்தாலும் கார்ட் கிடைக்காமல் கிடக்கின்றன. மலிவு லித்தியம் பெட்டரியில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணை நம்பாதே. புதியதும் பழையதும் கலந்து போடாதே. சார்ஜ் செய்யக் கூடாததை சார்ஜரில் வைக்காதே. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "வாப்பா, இத நீங்க ஒரு கட்டுரையாவே எழுதலாம்" என்றாள்.

வீட்டுப் பெண்களுக்கு இரண்டு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். முற்றத்தில் குப்பை எரிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. எந்தப் பெட்டரியும் அந்த நெருப்புக்குள் போகக் கூடாது, வெடிக்கும். ஊதிய பெட்டரியைக் குத்தவோ அழுத்தவோ மீண்டும் சார்ஜ் செய்யவோ வேண்டாம். எரியும் பொருட்களுக்குத் தூரமாக வையுங்கள். மற்றது, ரிமோட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் இருக்கும் பொத்தான் பெட்டரி. குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உம்ராவுக்குப் போகிறவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். மேலதிக லித்தியம் பெட்டரியும் பவர் பேங்கும் விமானத்தில் கைப்பையில்தான் போகலாம். பெரிய பெட்டிக்குள் வைத்தால் எடுத்துவிடுவார்கள்.

இனி ராத்தாவின் கெமரா. பெட்டரி செத்தால் படமும் போய்விட்டது என்று அவர் நினைத்திருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். படம் இருப்பது கார்ட்டில். கார்ட்டைக் கழற்றி என் கணினியில் போட்டதும் பத்து நிமிடத்தில் இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் வந்துவிட்டன. சுனாமியில் 2004 இல் வீட்டோடு அல்பமும் கடலுக்குப் போன குடும்பம் அது. அவர்களிடம் இருப்பதெல்லாம் அதற்குப் பின் எடுத்தவைதான். ஆனால் ராத்தாவுக்குத் திருப்தியில்லை. கடைசி விடுமுறையில் சின்ன மகனை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் இருந்த படம் ஒன்று உண்டு, அது இதில் இல்லை என்றார். அன்றைக்குக் கார்ட்டை மருமகன் கழற்றிக் கொண்டுபோயிருந்தான் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. கார்ட் இல்லாமல் எடுத்த படம் கெமராவுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்தில் பதிவாகியிருக்கும். அதை எடுக்க கெமராவுக்கு உயிர் வேண்டும். உயிருக்கு அந்தப் பெட்டரியே வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தோம். கடைசியில் கல்முனையில் போன் திருத்தும் ஒரு தம்பி, லென்ஸ் உடைந்து கிடந்த வேறொரு கெமராவிலிருந்து அதே வகைப் பெட்டரியைக் கழற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. ஒரு மணித்தியாலம் சார்ஜ் பிடித்தது. கெமரா எழுந்ததும் முதலில் திகதி கேட்டது. இத்தனை வருடத்தில் அதன் கடிகாரம் அழிந்து போயிருந்தது. உள்ளே ஆறு படங்கள். நான்காவது, வாசல்படியில் மடியில் பிள்ளையோடு அவர்.

அந்தப் படத்திலும் திகதி பிழையாகவே பதிந்திருந்தது. எந்த வருடம் என்று நான் கேட்டேன். ராத்தா திரையைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு முன்பல்லு ரெண்டும் முளைச்சிருக்கு. அந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள்" என்றார்.